எதைப் பொறுத்து இத்தனை வோல்ட்? மின்வேதியியல் அளவீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக முதன்முறை பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) முன்னால் உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாதி நினைவிருந்தால் போதும். அளந்த எண்ணைக் காட்ட யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எதைப் பொறுத்து?" என்றுதான். கீழேயுள்ள பதில்கள் பலவும் அந்தக் கேள்வியைச் சுற்றியே வரும்.

மின்வேதியியல் எதைப் பற்றியது?

எலக்ட்ரான் கைமாறும் வினைகளைப் பற்றியது. ஒரு துத்தநாகத் துண்டைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டால் துத்தநாகம் கரையும், செம்பு படியும், கரைசல் கொஞ்சம் சூடாகும். எலக்ட்ரான் நேராகவே கைமாறிவிட்டதால் நமக்குக் கிடைத்தது சூடு மட்டும். அதே இரண்டு உலோகங்களையும் தனித்தனிக் குவளையில், அதனதன் உப்புக் கரைசலில் வைத்து, நடுவே உப்புப்பாலம் போட்டு, வெளியே கம்பியால் இணைத்தால் எலக்ட்ரானுக்குக் கம்பியை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த வழியில் மீட்டரை வைத்து அளக்கலாம். 1836-இல் டேனியல் செய்தது இப்படிப்பட்ட கலம்தான். உப்புப்பாலத்துக்குப் பதிலாக முதலில் அவர் இடையில் வைத்தது மாட்டின் உணவுக்குழாய்ச் சவ்வு. 1.1 வோல்ட் கிடைத்தது.

நேர்மின்வாய், எதிர்மின்வாய் எனக்கு எப்போதும் குழம்புகிறது. எப்படி நினைவில் வைப்பது?

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சொல்லே குழப்புகிறது. அனோடு, கேத்தோடு என்ற பெயர்களை 1834-இல் ஃபாரடே அறிமுகப்படுத்தினார். பெயர் தேடிக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல். கிரேக்கத்தில் அவற்றுக்கு மேலேறும் வழி, கீழிறங்கும் வழி என்பதுபோலத்தான் பொருள். நேர், எதிர் என்ற பேச்சே அதில் கிடையாது. நம் பாடநூல்கள் அனோடை நேர்மின்வாய் என்றும் கேத்தோடை எதிர்மின்வாய் என்றும் எழுதுகின்றன. மின்னாற்பகுப்புக்கு அது பொருந்தும். ஆனால் கலம் தானாக மின்சாரம் தரும்போது அனோடுதான் எதிர்க்குறி முனை! டேனியல் கலத்தில் துத்தநாகம் "நேர்மின்வாய்". அதில் போய்ச் சேருவதோ மீட்டரின் கறுப்புக் கம்பி. ஒரு பிள்ளை இதை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

அதனால் நான் அனோடு, கேத்தோடு என்றே சொல்வேன். இலங்கைப் பாடநூல்களில் அனோட்டு, கதோட்டு என்றிருக்கும். அது இன்னும் நல்லது. விதி ஒன்றே ஒன்று: எலக்ட்ரானை இழக்கும் வினை எங்கே நடக்கிறதோ அது அனோடு, பெறும் வினை நடக்கும் இடம் கேத்தோடு. குறி மாறலாம், இது மாறாது. பேட்டரியைச் சார்ஜ் போடும்போது வினை திரும்புகிறது, அதனால் அனோடும் கேத்தோடும் இடம் மாறுகின்றன. பேட்டரிக்காரர்கள் மட்டும், சார்ஜ் இறங்கும்போது எது அனோடோ அதையே எப்போதும் அனோடு என்று அழைப்பது வழக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "ஆக்ஸிஜனேற்றம்" நடக்க ஆக்ஸிஜன் வேண்டியதில்லை. துத்தநாகம் இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டால் அது ஆக்ஸிஜனேற்றம்தான்.

ஒரே ஒரு மின்வாயின் மின்னழுத்தத்தை மட்டும் அளக்க முடியாதா?

முடியாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்றால் கடல் மட்டத்திலிருந்து. குன்னூரில் நின்று பார்த்தால் ஏறக்குறைய 400 மீட்டர்தான். மலை ஒன்றுதான், எண் மட்டும் மாறுகிறது. மின்னழுத்தமும் அப்படியே. மீட்டருக்கு இரண்டு கம்பி உண்டு. ஒன்று நீங்கள் ஆராயும் மின்வாயில் இருக்கிறது, மற்றொன்றைக் கரைசலில் வைக்க வேண்டுமே! வைத்த கணமே அதுவும் ஒரு மின்வாய் ஆகிவிடுகிறது. இரண்டின் வேறுபாடு மட்டுமே திரையில் தெரியும்.

வேதியியலில் கடல் மட்டமாக வைத்திருப்பது ஹைட்ரஜன் மின்வாய். அதன் மதிப்பு சுழி என்று நாமே வைத்துக்கொண்டோம். பிளாட்டினத் தகட்டின் மேல் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் தினசரி வேலைக்கு அதை யாரும் எடுப்பதில்லை. ரெஃபரன்ஸாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மின்வாயாக, சில்வர்–சில்வர் குளோரைடு மின்வாயையோ காலமெல் (பாதரச குளோரைடு) மின்வாயையோதான் எடுப்போம். 25 டிகிரியில், நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு ஊற்றிய சில்வர் மின்வாய் ஹைட்ரஜனைவிட 0.197 வோல்ட் மேலே நிற்கிறது, காலமெல் 0.241 வோல்ட் மேலே. ஒருவர் சில்வரைப் பொறுத்து 0.250 வோல்ட் என்று எழுதினால் ஹைட்ரஜனைப் பொறுத்து 0.447, காலமெலைப் பொறுத்து 0.206. ஆய்வேட்டில் வெறுமனே "0.25 வோல்ட்" என்று எழுதி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ரெஃபரன்ஸ் மின்வாயை எப்படிப் பராமரிப்பது?

பெரும்பாலான "விநோதமான முடிவுகள்" இங்கேதான் பிறக்கின்றன. நான் மாணவனாக இருந்தபோது ஒரு மாதம் முழுக்க என் மின்னோட்டப் படத்தின் உச்சி வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே போனது. புதிய வினை எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து நோட்டில் இரண்டு பக்கம் விளக்கம்கூட எழுதிவைத்தேன். கடைசியில் பார்த்தால், இரவில் யாரோ ரெஃபரன்ஸைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்திருந்தார்கள். உள்ளிருந்த குளோரைடு மெல்ல வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது.

எனவே உள்ளே என்ன கரைசல் இருக்கிறதோ அதிலேயே வெளியிலும் மூழ்க வையுங்கள். நுனியில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தெர்மாமீட்டரை உதறுவதுபோல ஒரு உதறு. புதிய ரெஃபரன்ஸ் ஒன்றை யாரும் தொடாமல் தனியே எடுத்துவையுங்கள். வாரம் ஒருமுறை பழையதையும் அதையும் ஒரே கரைசலில் வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். வேறுபாடு சில மில்லிவோல்ட்டைத் தாண்டினால் பழையதற்கு விடை கொடுக்கலாம்.

பெர்குளோரேட்டு கரைசலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொட்டாசியம் பெர்குளோரேட்டு நீரில் அவ்வளவாகக் கரையாது. ரெஃபரன்ஸுக்குள் இருக்கும் பொட்டாசியம் அதன் நுண்துளை அடைப்பிலேயே பெர்குளோரேட்டைச் சந்தித்து வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்போது உள்ளே சோடியம் குளோரைடை ஊற்றுவதே வழி. அதற்கேற்ப மதிப்பு கொஞ்சம் மாறும் என்பதைக் கணக்கில் எடுங்கள். நீரில்லாக் கரைப்பான்களில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைக் கொஞ்சம் கரைத்து, அதன் மின்னழுத்தத்தையே அளவுகோலாக வைப்பது நல்ல வழக்கம்.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலிருந்து கையில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் என்ன?

59. செறிவு பத்து மடங்கு மாறினால், ஒரு எலக்ட்ரான் வினைக்கு 25 டிகிரியில் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட் மாறும். இரண்டு எலக்ட்ரான் என்றால் பாதி. பி.எச். மீட்டர் இதில்தான் ஓடுகிறது. கண்ணாடிக் குமிழின் இரு பக்கமும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு வேறுபடுவதால் எழும் மின்னழுத்தத்தைத்தான் அது பி.எச். ஆக மாற்றிக் காட்டுகிறது. இந்த 59 வெப்பநிலையோடு கூடும். 35 டிகிரியில் 61 ஆகிவிடும். ஏசி இல்லாத ஆய்வகத்தில் மே மாத மதியம் அளக்கிறவர்கள் மீட்டரின் வெப்பநிலைத் திருத்தத்தை மறக்கக் கூடாது.

எவ்வளவு மின்சாரம் விட்டால் எவ்வளவு உலோகம் படியும்?

ஃபாரடே விதி. ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும். ஒரு ஆம்பியரை ஒரு மணிநேரம் விட்டால் 3,600 கூலும். செம்புக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும் என்பதால் 1.19 கிராம் படியும்; வெள்ளிக்கு ஒன்றே போதும் என்பதால் 4.02 கிராம்.

கவரிங் நகைக் கணக்கு இதைவிடச் சுவையானது. சயனைடு குளியலில் தங்கத்துக்கு ஒரு எலக்ட்ரான். 10 மில்லிஆம்பியர், 10 நிமிடம்: மொத்தம் 6 கூலும், படிவது சுமார் 12 மில்லிகிராம். நகையின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்றால் தடிமன் ஒரு மைக்ரானில் எட்டில் ஒரு பங்கு. மின்சாரம் முழுவதும் தங்கத்துக்கே போனால்தான் இந்தக் கணக்கு. உண்மையில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகக் குமிழ்ந்து போய்விடும்.

மூன்று மின்வாய்கள் எதற்கு? இரண்டு போதாதா?

மின்னோட்டம் இல்லாமல் அழுத்தத்தை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இரண்டே போதும். மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் சிக்கல் வருகிறது. ரெஃபரன்ஸ் வழியாக மின்னோட்டம் போனால் அதன் மதிப்பே ஆடும். கடல் மட்டத்தைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே மலையை அளப்பது மாதிரி. அதனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். ஆராயப்படுவது வொர்க்கிங். மின்னோட்டத்தைச் சுமப்பது கவுன்ட்டர். ரெஃபரன்ஸ் சும்மா நின்று பார்ப்பதோடு சரி. வொர்க்கிங்குக்கும் ரெஃபரன்ஸுக்கும் இடையே நாம் கேட்ட அழுத்தம் நிற்கும்வரை கவுன்ட்டரைத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் பொட்டென்ஷியோஸ்டாட்டின் வேலை. அந்தக் கருவியை 1942-இல் ஹிக்லிங் செய்து காட்டினார்.

கவுன்ட்டர்தானே, ஏதோ ஒரு பிளாட்டினக் கம்பி என்று விட்டுவிடாதீர்கள். ஹைட்ரஜன் வெளியேற்றத்துக்கு விலை குறைந்த வினையூக்கி கண்டுபிடித்ததாக மகிழ்ந்துபோய் வருகிறவர்களிடம், கவுன்ட்டர் என்ன என்று கேட்பேன். அமிலத்தில் நீண்ட நேரம் ஓடினால் கவுன்ட்டரின் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து வொர்க்கிங்கில் வந்து படியும். நீங்கள் புகழ்வது உங்கள் வினையூக்கியையா, திருட்டுப் பிளாட்டினத்தையா? கிராஃபைட் தண்டு வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மகிழுங்கள்.

சைக்ளிக் வோல்டாமெட்ரி படத்தை எப்படி வாசிப்பது?

சி.வி. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் இதில், மின்னழுத்தத்தை ஒரே வேகத்தில் (இதுதான் ஸ்கேன் வேகம்) ஏற்றி, அதே வேகத்தில் இறக்குகிறோம். மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்பதே படம். வாத்து உருவம் வரும்.

ஏன் உச்சி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும். அழுத்தம் ஏற ஏற வினை வேகமெடுக்கிறது, மின்னோட்டம் கூடுகிறது. ஆனால் மின்வாயை ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் தீர்ந்துகொண்டே வருகின்றன. தூரத்திலிருந்து விரவி (டிஃப்யூஷன்) வருவதற்கு நேரம் பிடிக்கும். பந்தியில் பரிமாறும் வேகத்தைவிடச் சாப்பிடும் வேகம் கூடிவிட்டால் இலை காலியாகிறதே, அந்தக் கணம்தான் உச்சி. அதற்குப் பிறகு மின்னோட்டம் விழுகிறது, பரிமாறுகிறவர் வரும் வேகம்தான் கணக்கு. திரும்பி வரும்போது, உண்டாகி அங்கேயே நிற்கும் பொருள் மறுதலையாக மாறி இன்னொரு உச்சியைக் கொடுக்கிறது.

இரண்டு உச்சிகளுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய அந்த இணையின் (எலக்ட்ரானை இழந்த வடிவமும் பெற்ற வடிவமும்) மின்னழுத்தம். இடைவெளி, எலக்ட்ரான் எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது என்பதைச் சொல்லும். ஒரு எலக்ட்ரான் மீள்வினைக்குக் கோட்பாடு தருவது 57 மில்லிவோல்ட். பொட்டாசியம் ஃபெரிசயனைடை வைத்துச் சோதித்தால் 65, 70 வந்தாலே கை சுத்தம் என்று கொள்ளலாம். 150 வந்தால் பெரும்பாலும் மின்வாயைத் தேய்க்கவில்லை, அல்லது கரைசலின் மின்தடை சேர்ந்துகொண்டது.

ஸ்கேன் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்கிறார்களே, எதற்கு?

உச்சியின் பிறப்பிடம் தெரிவதற்கு. பொருள் கரைசலிலிருந்து விரவி வந்தால் உச்சி மின்னோட்டம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு கூடும்: வேகம் நாலு மடங்கு, மின்னோட்டம் இரண்டு மடங்கு. ராண்டில்ஸும் செவ்சிக்கும் 1948-இல் தனித்தனியே வந்தடைந்த முடிவு இது. பொருள் மின்வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வேகம் நாலு மடங்கானால் மின்னோட்டமும் நாலு மடங்கு.

இரண்டுக்கும் அடியில் இன்னொரு மின்னோட்டம் எப்போதும் உண்டு. மின்வாய்ப் பரப்பை ஒட்டி அயனிகள் வரிசைகட்டி நிற்பதால் அது ஒரு மின்தேக்கிபோல் நடந்துகொள்கிறது. இதை இரட்டை அடுக்கு என்கிறோம். இதன் தடிமன் ஒரு நானோமீட்டர் அளவு. அதில் ஒரு வோல்ட் நின்றால் மீட்டருக்கு நூறு கோடி வோல்ட் என்ற புலம்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு முப்பது லட்சம் போதும். ஒரு சாதாரணக் குவளைக்குள் ஒன்றரை வோல்ட்டில் இவ்வளவு வேதியியல் எப்படி நடக்கிறது என்று வியக்கிறவர்களுக்கு, அந்தப் புலமே விடை.

நைட்ரஜன் ஏன் விட வேண்டும்? உப்பு ஏன் சேர்க்க வேண்டும்?

கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் கேத்தோடில் எலக்ட்ரான் வாங்கும். உங்கள் உச்சியோடு அதுவும் வந்து உட்காரும். 15 நிமிடம் நைட்ரஜனைக் குமிழவிட்டு, அளக்கும்போது குமிழை நிறுத்தி மேலே மட்டும் ஓடவிடுங்கள். உப்பு சேர்ப்பது கரைசலின் தடையைக் குறைக்கவும், உங்கள் மூலக்கூறு மின்புலத்தால் இழுபடாமல் விரவல் மூலமாக மட்டும் வரவும். மின்வாயைத் தேய்ப்பதற்கு 0.05 மைக்ரான் அலுமினாக் குழம்பு. எட்டு வடிவில், அழுத்தாமல்.

இம்பீடன்ஸ் என்றாலே பயமாக இருக்கிறதே?

இம்பீடன்ஸ் என்பது மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்துக்குக் கலம் காட்டும் தடை. அதன் படத்தில் வரும் அரைவட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 10 மில்லிவோல்ட் அளவில் ஒரு சிறிய அலையை அனுப்பி, பதில் மின்னோட்டம் எவ்வளவு பெரியது, அலையிலிருந்து எவ்வளவு முன்பின் விலகி வருகிறது என்று பார்க்கிறோம். வேகமான அலைக்கு இரட்டை அடுக்கு ஒரு திறந்த கதவு, கரைசலின் தடை மட்டுமே தெரியும். மெதுவான அலைக்கு அந்தக் கதவு மூடிவிடும், வினையின் தடையும் சேர்ந்து தெரியும். அரைவட்டத்தின் விட்டம்தான் அந்த வினைத்தடை. இன்னும் மெதுவாகப் போனால் 45 டிகிரியில் ஒரு வால் முளைக்கும், அது விரவல்.

0.01 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 100 விநாடி ஆகும். அந்நேரத்தில் மின்வாய் மாறாமல் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு சமானச் சுற்று, அதாவது கலத்தைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு கற்பனை மின்சுற்று. தடை, மின்தேக்கி என்று உறுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்தப் படத்துக்கும் பொருத்திவிடலாம். ஒவ்வொரு உறுப்பும் கலத்தில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் மீட்டரும் மின்வேதியியலா?

ஆமாம், உலகத்தில் மிக அதிகமாக விற்ற மின்வேதிக் கருவிகளில் ஒன்று அது. பட்டையில் உள்ள நொதி குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி ஒரு இடைத்தரகர் மூலக்கூறிடம் கொடுக்கிறது. தரகர் அதை மின்வாயில் கொண்டு சேர்க்கிறது. மீட்டர் நிலையான அழுத்தத்தைக் கொடுத்துச் சில விநாடி மின்னோட்டத்தை அளக்கிறது. பல பட்டைகளில் அந்தத் தரகர், நாம் சி.வி.யில் சோதிக்கும் அதே ஃபெரிசயனைடு. நொதியை மின்வாயோடு இணைக்கும் யோசனையை 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்தார்கள்.

காரைக்குடிக்கும் மின்வேதியியலுக்கும் என்ன தொடர்பு?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது "செக்ரி". ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊரிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. உப்புக்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்க அதைவிட ஏற்ற இடம் கிடைக்குமா?

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறதா என்று உடைக்காமலே அளப்பதும் மின்வேதியியலே. நல்ல கான்கிரீட் காரத்தன்மையுடையது, அதில் இரும்பின் மேல் ஒரு காப்புப் படலம் நிற்கும். கடல் குளோரைடு உள்ளே போனால் படலம் கிழியும். செம்பு–காப்பர் சல்பேட் ரெஃபரன்ஸைக் கான்கிரீட்டின் மேல் ஈரப் பஞ்சோடு வைத்து, கம்பியின் ஒரு முனையை மீட்டரில் இணைத்து அழுத்தம் பார்ப்பார்கள். −200 மில்லிவோல்ட்டுக்கு மேல் நின்றால் அரிப்பு இல்லை என்பதற்கு 90 சதவீதத்துக்கும் கூடுதலான வாய்ப்பு. −350-க்கும் கீழே போனால், அரிக்கிறது என்பதற்கு அதே அளவு வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவே இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. இந்த எண்களைச் சில்வர் ரெஃபரன்ஸ் வைத்து அளந்ததோடு அப்படியே ஒப்பிட்டால் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் பிசகும். நல்ல கட்டடத்தை இடிக்கச் சொல்லவோ, இடிய வேண்டியதை விட்டுவிடவோ அந்தப் பிசகு போதும்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசு இருந்தால் உண்டு. பாத்திரத்தின் அடியில் அலுமினியம் ஃபாயிலை விரித்து, கொதிக்கும் நீர் ஊற்றி, இரண்டு கரண்டி ஆப்பசோடாவும் கொஞ்சம் உப்பும் கரைத்து, கொலுசு ஃபாயிலில் படும்படி போடுங்கள். சில நிமிடத்தில் வெளுக்கும். கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு. அலுமினியம் அனோடாகி எலக்ட்ரானைக் கொடுக்க, சல்ஃபைடில் இருந்த வெள்ளி மறுபடி வெள்ளியாகிறது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த வெள்ளி துணியோடு போயிருக்கும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும். அது வெளியேறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடுத்து, இன்னொரு கறுத்த துண்டை ஃபாயிலில் படாமல் நூலில் கட்டி அதே நீரில் தொங்கவிடுங்கள். கறுப்பு அப்படியே இருக்கும். எலக்ட்ரானுக்கு உலோகப் பாதை இல்லை, அவ்வளவுதான். கல் பதித்த நகையை மட்டும் போடாதீர்கள். ஆன்டிக் ஃபினிஷ் நகையையும் வேண்டாம், அதன் இடுக்குகளில் இருக்கும் கறுப்பு ஆசாரி வேண்டுமென்றே ஏற்றியது.